பத்து நிமிஷத்தில் வந்துவிடும்

“ஹலோ... ஆங், சொல்லுக்கா... கேக்குது, நல்லாவே கேக்குது, நீதான் கத்துற... ஆணையத்து வராண்டாவுல நின்னுக்கிட்டு இப்படிக் கத்தாத, உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கப் போகுது... உன் நம்பர் எத்தனை?... ஏழு. இப்ப எது ஓடுது?... நாலா. சரி, சரி, நேரம் இருக்கு. முதல்ல உக்காரு... பெஞ்சு எல்லாத்துலயும் வக்கீலுங்களா? அப்ப நில்லு, என்ன பண்றது. நியாயம் கேட்டு வந்தவங்க நிக்கத்தான் வேணும்.”

அவனே சொல்லி அவனே சிரித்தான். அந்தப் பக்கம் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

துணைமின் நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் அவன் மட்டும்தான். பகல் ஷிப்ட்டுக்கு ஒரே ஆள். எதிரே வரிசையாக ஆறு இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு லைன் ஊரின் ஒவ்வொரு பக்கத்துக்குப் போகிறது. அலமாரி நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். பச்சை எரிந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். புதிதாக வருகிறவன் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வான். இருபது வருஷமாக இருப்பவனுக்குத் தெருவில் சிவப்பு விளக்கைப் பார்த்தால் மனசு நிம்மதியாகிவிடும். வண்டியை நிறுத்தத் தோன்றாது.

மேஜை மேல் ஒரு தரைவழித் தொலைபேசி, நூலில் கட்டிய பேனா, விரித்து வைத்த பதிவேடு. எந்த லைன், எப்போது நின்றது, எப்போது வந்தது, எத்தனை நிமிஷம். நான்கு கட்டங்கள், அவ்வளவுதான். சுவரில் கண்ணாடி போட்ட ஒரு கடிதம். மின்சாரக் கம்பெனிகளைக் கட்டி மேய்க்கும் ஆணையம் போன வருஷம் அனுப்பியது. மாநிலத்திலேயே மிகக் குறைவாக மின்தடை ஆன துணைமின் நிலையம் இதுதானாம். பாராட்டுகிறார்களாம்.

“என்ன?... யாரு குடுத்தா? கம்பெனி வக்கீலா?... எதோட காப்பி?”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எங்க பதிவேட்டோட காப்பியா... எத்தனை பக்கம்?... ரெண்டு... கையில எழுதினதா, டைப் அடிச்சதா?... இல்ல, சும்மாதான் கேட்டேன்... ஓ, டைப் அடிச்சது. சரி. சரி சரி.”

அவன் விட்ட மூச்சு அவன் காதிலேயே பெரிதாக விழுந்தது. ஐந்து வயது மூத்தவள் அக்கா. அவன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியதே அவள்தான். அவன் கையெழுத்தை இருட்டில் தடவிப் பார்த்துக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள்.

“படி... ம்... ம்... ஆமா... பத்து அம்பதுக்கு நின்னது, பத்து அம்பத்தி நாலுக்கு வந்தது. நாலு நிமிஷம்... கேட்டுட்டுதான் இருக்கேன், திட்டாத... தெரியும்க்கா. ரெண்டு மணி நேரம். எனக்குத் தெரியாதா?... இல்ல, எனக்கு எப்படித் தெரியும்னா... நீதான் சொன்னியே. நூறு தடவை சொல்லியிருக்க.”

இரண்டு மாதத்துக்கு முந்தைய சமாச்சாரம். அக்கா ஒரு கொட்டகையில் குஞ்சு பொரிக்கும் மெஷின் வைத்திருந்தாள். தொள்ளாயிரம் முட்டை. இருபத்தொரு நாளில் பொரிக்கும். அன்றைக்கு இருபதாம் நாள். பாதி முட்டையில் ஓட்டைக் குத்தி அலகு வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கரண்ட் வந்தபோது அத்தனை அலகும் எட்டிப் பார்த்த இடத்திலேயே நின்றுபோயிருந்தன.

“மாமா என்ன சொல்றாரு? கூட வந்திருக்காரா?... வரலியா... ம்... இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்காரா?... நீ தூங்கிட்டேன்னா?... சுவிட்சைப் போட மறந்துட்டேன்னா... அக்கா, அழாத. அழாதக்கா, எல்லாரும் பாப்பாங்க... சரி, அழல. நீ அழல. சளிதான்.”

அவன் பேனாவை நூலோடு சேர்த்துத் திருகிக்கொண்டிருந்தான்.

“நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேக்கணும்... நான் இன்னும் சொல்லவே இல்ல, நீ அதுக்குள்ள... வக்கீல் ஒரு தாள் காட்டினாரா? புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுதியிருக்குமே... ஆமா, அதான். அதுல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துடேன்... எனக்கு எப்படித் தெரியும்னா... இங்க பேசிக்கிட்டாங்க.”

பேசிக்கொள்ளவில்லை. நேற்று இன்ஜினியர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். ‘அந்தம்மா உன் அக்காவாமே. சொல்லிப் பாரு. உனக்கும் நல்லது’ என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை.

“நான் கம்பெனிக்காரன் மாதிரி பேசல... அக்கா, நான் உனக்காகத்தான்... ஆணையத்துல நாலு பேர் உக்காந்து, நாலு நிமிஷத்துல எந்த முட்டையும் சாகாது, நீங்கதான் கவனிக்கலைன்னு எழுதிட்டா, அது வேற மாதிரி ஆயிடும். அப்புறம் மாமா அதையே கையில வெச்சிக்கிட்டு... ம்... ம்... ஆமா... காசு கேக்கலன்னு எனக்குத் தெரியும். நஷ்டஈடு வேணாம்னு மனுவுலயே எழுதிட்டியே, பைத்தியக்காரி... சரி... சரி... ‘அன்னிக்கு கரண்ட் போச்சு’ன்னு ஒரே ஒரு தாள். முத்திரை குத்தின தாள். அவ்வளவுதான் வேணும் உனக்கு. புரியுது. அதை மாமா மூஞ்சியில... ஆமா. ஒட்டணும். புரியுதுக்கா.”

அவனுக்குப் புரிந்ததுதான் பிரச்சினையே. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அக்கா அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட ஒரே வேலை அந்த மெஷின்தான். இப்போது மாமா சாப்பாட்டைக்கூடத் தானே தட்டில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். தூங்கிவிட்டாள் என்பதை அவர் கத்திச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் கத்துவதில்லை. அடுப்பில் பால் வைத்தால் பின்னாலேயே வந்து நின்று, ‘பாத்துக்குவியா?’ என்று கேட்கிறார்.

“யாரா?... அன்னிக்கு டூட்டியில யாரு இருந்தாங்கன்னா... அதுல என்ன போட்டிருக்கு?... ‘ஷிப்ட் ஏ’ன்னு மட்டும்தானா... அது யாரா வேணா இருக்கலாம்க்கா. நாங்க மாறி மாறித்தானே வருவோம்... நானா? நான் அன்னிக்கு வெளிவேலையில இருந்தேன்னு அப்பவே சொன்னேனே... எதுக்கு அவன் பேரு உனக்கு?... எழுதின கை புழுத்துப் போகணுமா. சரி... போகும், போகும்.”

அப்போதுதான் மணி அலறியது.

மூன்றாவது அலமாரிக்குள் ஏதோ தடாரென்று விழுந்த மாதிரி ஓசை. சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. அவன் கைபேசியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தான். பாதி எழுந்தவன் திரும்பிக் குனிந்தான்.

“அக்கா, கட் பண்ணாத. ஒரு லைன் போயிடுச்சு. ரெண்டு நிமிஷம்... உன் பக்கத்து லைன் இல்ல, இது வேற. இரு, இரு.”

மணியை நிறுத்தினான். கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று ஏழு. பதிவேட்டில் ‘நின்ற நேரம்’ கட்டத்தில் எழுதினான். அந்தக் கட்டத்தில் அவன் என்றைக்கும் பொய் எழுதியதில்லை. பொய்க்கு அடுத்த கட்டம் இருக்கிறது.

தரைவழித் தொலைபேசி அடித்தது. வெளியே லைன் பார்க்கிறவன். நெடுநெடுவென்று வளர்ந்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன் ஏணி.

“சொல்லு ஏணி... நீ எங்க இருக்க?... லாரியா? கம்பத்துலயா?... முழுசாச் சாஞ்சிடுச்சா? ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?... டிரைவரு?... ஓடிட்டானா, சரி, ஓடுற அளவுக்கு நல்லா இருக்கான்ல... இல்லடா, நான் போடமாட்டேன். நீ உன் வாயால சொல்ற வரைக்கும் லைனைப் போடமாட்டேன், பயப்படாம ஏறு... எவ்வளவு ஆகும்?... ரெண்டு மணி நேரமா... புதுக் கம்பம் வந்து நட்டாத்தானே. ரெண்டரைகூட ஆகும்... சரி, சரி. வை.”

வைத்த கை எடுக்கவில்லை, மறுபடியும் அடித்தது.

“ஹலோ... ஆமாங்க, துணைமின் நிலையம்தான்... ஆமாங்க... போயிடுச்சுங்க... ஆளு போயிருக்காங்க. பத்து நிமிஷத்துல வந்துடும்... ஆமாங்க, பத்து நிமிஷம்... இதோ வந்துடும்ங்க. வெச்சிடறேன்.”

அந்த வாக்கியத்துக்கென்று அவனிடம் ஒரு குரல் இருந்தது. கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் அவசரம். அவன் யோசித்துப் பேசும் குரல் இல்லை அது. பேருந்தில் சில்லறை இல்லை என்று சொல்லும் கண்டக்டரின் குரல் மாதிரி, தொண்டையே பழகிச் சொல்லிக்கொள்ளும்.

கைபேசியை எடுத்தான்.

“ஆங், அக்கா. சொல்லு... லாரி ஒண்ணு கம்பத்துல மோதிடுச்சு, அதான்... அக்கா? இருக்கியா?... ஹலோ?... என்ன கேட்டுச்சு?... ரெண்டு போன்லயும் நான் பேசினது கேட்டுச்சா...”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அது... அது சும்மா சொல்றதுதான்... எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வோம். ரெண்டு மணி நேரம்னு சொன்னா திட்டுவாங்க, நூறு பேர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாங்க. பத்து நிமிஷம்னா பேசாம வெச்சிடுவாங்க... ஆமா... ஆமா... தெரிஞ்சேதான்... ஆமாக்கா, ஏணி ரெண்டு மணி நேரம்னு சொன்னதுக்கு அப்புறம்தான்.”

நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பச்சை விளக்கையே பார்த்தபடி.

“ம்... ம்... ஆமா, மூணு தடவை கூப்பிட்ட... பதினொண்ணுக்கு ஒரு தடவை... அப்புறம் பதினொண்ணரை... ஞாபகம் இருக்கு... பன்னெண்டுக்கும் கூப்பிட்ட.”

மூன்று தடவையும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: எப்போது வரும்? அதில் ஒரு காரணம் இருந்தது. பொரிக்கப்போகிற முட்டைக்குள் குஞ்சே சூட்டைக் கிளப்பும். மெஷினின் விசிறி கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்றால் கதவைத் திறக்கக் கூடாது. ஈரப்பதம் போய்விடும், ஓடு காய்ந்து குஞ்சு ஒட்டிக்கொள்ளும். நேரமாகும் என்றால் கதவைத் திறந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் காற்றில்லாமல், சொந்தச் சூட்டிலேயே, மூடிய பாத்திரத்துக்குள் இருப்பதுபோல் வெந்துபோகும். பத்து நிமிஷமா, இரண்டு மணி நேரமா என்பதில்தான் கதவு இருந்தது. இதையெல்லாம் அவள்தான் அவனுக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுத்தாள், கையில் முட்டையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி. அதனால் அவனுக்குத் தெரியாது என்று அவனால் சொல்ல முடியாது.

“தெரியும்.”

மறுபடியும் சொன்னான்.

“தெரியும்க்கா. முதல் தடவை நீ கூப்பிட்டப்பவே தெரியும். அன்னிக்குக் கம்பி அறுந்து கிடந்துச்சு. ஏணி ரெண்டு மணி நேரம்னு சொல்லிட்டான்... ஏன்னா... நான் யோசிக்கவே இல்ல. நீன்னு தெரியும். அக்கான்னு போன்ல பேரு வந்துச்சு. எடுத்தேன், வாய் சொல்லிடுச்சு. ‘பத்து நிமிஷத்துல வந்துடும்’... ரெண்டாவது தடவை... ரெண்டாவது தடவை முதல்ல சொன்னதை மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. மூணாவது தடவையும் அதான்... ஆமா. அதுக்குத்தான். வேற காரணம் இருந்தா சொல்லமாட்டேனா.”

அந்தப் பக்கம் வராண்டாவில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“அக்கா, அந்த நாலு நிமிஷத்தை எழுதினதும் நான்தான்.”

சொல்லி முடித்ததும், சொல்லிவிட்டோமா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

“ஆமா... ஷிப்ட் ஏ. நான்தான்... யாரும் அன்னிக்குச் சொல்லல. சொல்லத் தேவையில்ல. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா அது ஆணையத்துக்குக் கணக்குல போகும். அஞ்சுக்குள்ளன்னா போகாது, சின்னத் தடைன்னு விட்டுடுவாங்க. அதனால இங்க எல்லாருக்கும் நாலுதான். அரை மணி நேரம் போனாலும் நாலு. அரை நாள் போனாலும் நாலு. மூணுன்னு எழுதினா பொய்யாத் தெரியும்னு நாலு... சிரிக்காத. சிரிக்கறியா, அழறியா?... சரி... கேளு... அதுக்குத்தான் ஆணையம் எங்களுக்குக் கடுதாசி எல்லாம் அனுப்பியிருக்கு. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கோம். தலைக்கு மேலதான் இருக்கு.”

“ம்... ஆமா, வந்தேன்... ஆமாக்கா, முட்டையைப் புதைக்கக் குழி நான்தான் வெட்டினேன்... அன்னிக்கு சாயங்காலம் டூட்டி முடிச்சு நேரா அங்கதான் வந்தேன். நாலுன்னு எழுதிட்டுத்தான் வந்தேன்... மாமா நின்னுக்கிட்டு இருந்தாரு. ‘உங்க அக்கா தூங்கிட்டா’ன்னு சொன்னாரு. நான் மண்ணைத் தள்ளிக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் சொல்லல... ஆமா, நீ பாத்துக்கிட்டு இருந்த. நான் ஏதாவது சொல்வேன்னு பாத்தியா?... தெரியும். அப்பவே தெரியும்.”

அதற்குப் பிறகு அக்கா என்ன சொன்னாளோ, அவன் வெகுநேரம் ‘ஆமா’ மட்டும் சொன்னான். ஆமா. ஆமா. அது சரிதான். ஆமா. ஒருமுறை கைபேசியைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தான். பிறகு அதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல மறுபடியும் காதோடு ஒட்டிக்கொண்டான்.

“திட்டி முடிச்சியா?... சரி, இன்னும் இருந்தா அப்புறம் திட்டு. இப்ப எத்தனாவது நம்பர் ஓடுது?... அஞ்சுக்கும் ஆறுக்கும் ஆளே வரலியா? அப்ப அடுத்தது நீதான். அக்கா, நல்லாக் கேட்டுக்க. பேனா இருக்கா?... அந்தத் தாள் பின்னாடியே எழுது. வாபஸ் தாள்தான், அது எதுக்கு இனிமே.”

எழுந்து மூன்றாவது அலமாரிக்கு அருகில் போனான். கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீட்டர் இருந்தது.

“ஒவ்வொரு லைனுக்கும் இங்க ஒரு மீட்டர் இருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு கரண்ட் போச்சுன்னு அதுவே உள்ள எழுதி வெச்சுக்கும். எங்க கை அதுல படாது, படவும் முடியாது... ஆமா. அன்னிக்குப் பதினொண்ணுல இருந்து பன்னெண்டரை வரைக்கும் மூணு அரை மணி. மூணும் சைபரா இருக்கும். நாலு நிமிஷம் நின்னா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழு சைபர் வராது... நீ அவங்ககிட்ட வேற ஒண்ணும் பேசாத. அழாத, மாமாவைப் பத்திச் சொல்லாத. ‘அந்த லைன் மீட்டர்ல இருக்கற அரை மணிக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்க’ன்னு கேளு. அவ்வளவுதான். எழுதிட்டியா?... திருப்பிப் படி... ஆங், அதேதான்... ஏன்னா அவங்க அதைக் கேட்டதே இல்ல. நாங்க அனுப்புற தாளைப் பாத்துட்டு விட்டுடுவாங்க. யாராவது கேட்டா கொண்டுவரச் சொல்லித்தான் ஆகணும்.”

“எனக்கா?... வேலைதான். முதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் விசாரிப்பாங்க. எல்லாரும் எழுதினதுதான், ஆனா இந்த நாலு என் கையெழுத்துல இருக்கு... இல்ல, போனாப் போகட்டும்னு எல்லாம் சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு. நேத்து ராத்திரி வரைக்கும் நீ இந்தக் கேஸை விட்டுடணும்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன். இன்னிக்குக் காலையிலகூட. பத்து நிமிஷம் முன்னாடிகூட...”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“மாமாகிட்ட நான் வந்து சொல்றேன்... வேணாமா?... தாள் வரட்டுமா... சரி. என் வாய் வேணாம். சரிதான். அதுவும் நியாயம்தான்... கூப்பிடறாங்களா? உன் நம்பரா?... போ, போ. மைக்குல பேசச் சொல்வாங்க, வாயைக் கிட்ட வெச்சுப் பேசு. அக்கா... அக்கா, ஒண்ணே ஒண்ணு... நான் அன்னிக்கு...”

இணைப்பு அறுந்திருந்தது.

அவன் கைபேசியின் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேசிய நேரம் முப்பத்தோரு நிமிஷம் என்று அது காட்டியது. அதை யாரும் கேட்காமலேயே அது எழுதி வைத்திருந்தது.

பதிவேட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தான். மூன்றாவது லைன், நின்ற நேரம் பதினொன்று ஏழு. அடுத்த கட்டம் காலியாக இருந்தது. வழக்கமாக அதை உடனே நிரப்பிவிடுவான். எப்படியும் பதினொன்று பதினொன்றுதானே, காத்திருப்பானேன். இன்றைக்குப் பேனாவை மூடி வைத்தான். நூல் மேஜை விளிம்பில் தொங்கியது.

தரைவழித் தொலைபேசி அடித்தது. இரண்டு தடவை அடிக்கவிட்டு எடுத்தான்.

“ஹலோ... ஆமாங்க... ஆமாங்க, போயிடுச்சு...”

தொண்டையில் அந்தக் குரல் வந்து தயாராக நின்றது. அவன் அதை விழுங்கினான்.

“ரெண்டு மணி நேரம் ஆகும்ங்க. ரெண்டரைகூட ஆகலாம்... இல்லைங்க, நிஜமாத்தான் சொல்றேன்... கம்பம் சாஞ்சிடுச்சு... இல்லைங்க, கிண்டல் பண்ணல. நான் எதுக்குங்க... என் பேரா? ஷிப்ட் ஏ-ன்னு... இல்ல, இருங்க, பேரே சொல்றேன், எழுதிக்குங்க... அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க வீட்டுல, கடையில, மூடி வெச்சது ஏதாவது இருக்குங்களா? உள்ள காத்து வேணுங்கற மாதிரி ஏதாவது?... ஒண்ணுமில்லைங்க, சும்மா கேட்டேன். இருந்தா கதவைத் திறந்து வெச்சிடுங்க. இப்பவே. காத்திருக்காதீங்க... ஹலோ?... ஹலோ?”

அந்த ஆள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.